அந்த வகுப்பை நாம் எடுப்போம்



நம் மாணவர்களுக்குப் பணத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நடத்துவது ஆசிரியர்களாகிய நாமில்லை, அவ்வளவுதான். கடன் செயலிக்காரர் நடத்துகிறார். டெலிகிராம் குழுவில் ‘இன்று இந்த ஆப்ஷனை வாங்கு’ என்று டிப்ஸ் தருபவர் நடத்துகிறார். சில கல்லூரிகளில் பொன்னாடை போர்த்தி நாமே மேடையேற்றுகிற தரகு நிறுவனத்து ஆளும் நடத்துகிறார். ‘நிதி விழிப்புணர்வு’ என்ற பேனரின் கீழ் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, டீமேட் கணக்குக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகிறார். மாணவர் பணத்தில் லாபம் பார்ப்பவரே அவர்களுக்கு ஆசிரியராகவும் இருக்கும் இந்த நிலையை இந்தப் பருவத்திலேயே முடித்துவைக்க வேண்டும்.

அவசரம் ஏன் என்கிறீர்களா? பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) எனப்படும் பங்குச்சந்தை ஊக வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். எல்லோருமாகத் தொலைத்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அப்படி இறங்கியவர்களில் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியிருக்கிறது. இந்த வயதுக்காரர்கள்தான் நம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மேசைக்கடியில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடன் செயலியின் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். மாணவர் கேட்பது 5,000 ரூபாய். ‘பிராசஸிங் ஃபீ’ என்று 1,500 பிடித்துக்கொண்டு 3,500 மட்டும் கைக்கு வருகிறது. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 43 ரூபாய் வட்டி, அதுவும் ஒரு வாரத்துக்கு! மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்றாலே ஊரில் அந்த மாணவரின் அப்பா கொதித்துப்போவார். கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று பெயர் சொல்லித் தடைசெய்து 2003-இலேயே சட்டம் போட்ட மாநிலம் நம் தமிழ்நாடு. திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் உறைக்கிற கணக்கு, திரையில் வண்ணப் பொத்தானாக வரும்போது உறைக்காமல் போகிறது. தவணை தப்பினால் வருவது இன்னும் கொடுமை: தொடர்பு எண்கள் அத்தனைக்கும் மிரட்டல், மாணவிகள் என்றால் மார்பிங் செய்த படங்கள். கடன் செயலி தொடர்புப் பட்டியலையோ புகைப்படங்களையோ தொடவே கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதிதான். தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியலையும் ரிசர்வ் வங்கி 2025 முதல் இணையத்தில் வெளியிடுகிறது. இதையெல்லாம் நம்மில் எத்தனை பேர் வகுப்பில் சொல்லியிருக்கிறோம்?

அடுத்தது வங்கிக் கணக்கு. தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் மாணவர் கணக்கிலேயே விழுகிறது. நல்ல திட்டம். அந்தக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் ‘ஒரு மாதம் கொடு, கமிஷன் தருகிறேன்’ என்று வாடகைக்குக் கேட்டு வளாகத்துக்குள்ளேயே ஆள் வருகிறது. இணைய மோசடிப் பணம் அதன் வழியே ஓடும். பிறகு கணக்கு முடங்கும், உதவித்தொகை நிற்கும், காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை நுழைவாயிலில் எழுதிவைக்க எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

கல்விக் கடனில் தெரியாமையால் வரும் இழப்பு வேறு விதம். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது தெரியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றால் வட்டியும் ஓடாது என்று நம்புகிறவர்கள் அதைவிட அதிகம். வட்டி ஓடும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள தொழிற்படிப்புகளுக்கு அந்தக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமே!

நம் ஆசிரியர் சங்கத்திலேயே ஒரு தரப்பு முணுமுணுக்கிறது: கட்டணக் கொள்ளையையும் அற்பச் சம்பளத்தையும் விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளையிடம் ‘சிக்கனமாக இரு’ என்று உபதேசிப்பதா? நியாயமான கோபம். டீயைக் குறைத்துச் சேமி என்று பாடம் எடுப்பதாக இருந்தால் நானே வெளிநடப்பு செய்வேன். ஆனால் தான் கையெழுத்திட்ட கடன் தாளைப் படிக்கத் தெரியாதவரால் கட்டணக் கொள்ளைக்கு எதிராகவும் கணக்கு வைத்து வாதாட முடியாது. இரண்டும் ஒரே போராட்டம்தான்.

‘பாடத்திட்டத்தில் இல்லை’ என்ற பதிலைத் தயவுசெய்து மூட்டைகட்டி வையுங்கள். பாடத்திட்டக் குழு கூடி, விவாதித்து, ஒப்புதல் பெறுவதற்குள் இப்போதைய மூன்றாமாண்டு மாணவர்கள் வேலைக்குப் போய் முதல் இஎம்ஐ கட்டிக்கொண்டிருப்பார்கள். இது வணிகவியல் துறையின் தலையில் மட்டும் கட்ட வேண்டிய வேலையுமில்லை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைத் தமிழ்த்துறை வாசித்துக் காட்டட்டும். 12 சதவீத ‘ஃபிளாட்’ வட்டியில் மூன்றாண்டுத் தவணை போட்டால், குறையும் நிலுவை முறையில் அது 21 சதவீதத்தைத் தாண்டுவதைக் கணிதத்துறை நிறுவட்டும்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் இந்த வகுப்பு. துறைக்கு இருவர் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். முதல் வகுப்புக்குப் புத்தகம் வேண்டாம். ஒரு கடன் ஒப்பந்தத்தின் நகல், ஒரு சம்பளச் சீட்டு, ஒரு கால்குலேட்டர் போதும். வங்கி மேலாளரை அழைக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக அழைக்கலாம், அவரைக் குறுக்குக் கேள்வி கேட்கும் அளவுக்கு நம் பிள்ளைகள் தயாரான பிறகு.