பிரீமியர் இல்லை என்று பெரியவர்களின் பேச்சைப் போனுக்குள் பூட்டி வைக்காதீர்கள்



"பிரீமியர் புரோ இல்லாமல் நல்ல வீடியோ செய்ய ஏலாது சேர்." பிள்ளைகளிடம் இதைக் கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டோம். இதை அவர்கள் காதில் போட்டவர்கள் பெரியவர்கள்தான். கொஞ்சம் எடிட்டிங் தெரிந்த அண்ணன்மாரும், பென் டிரைவில் 'கிராக்' கொப்பி கொண்டு திரிகிறவர்களும் சொல்லிச் சொல்லி அது வேதவாக்காகிவிட்டது. நாம் நேராகவே சொல்கிறோம்: இது பொய். இந்தப் பொய்யால் நட்டப்படுவது நம்முடைய தீவகம்.

குறிகட்டுவானில் படகேறி வரும் யூரியூப்காரர் நயினாதீவில் அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் எடுப்பார். நெடுந்தீவில் குதிரைகளையும் பெருக்க மரத்தையும் கல்வேலிகளையும் எடுப்பார். பின்னேரப் படகில் போய்விடுவார். அவரில் பிழையில்லை. ஆனால் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் நடந்ததைக் கண்டு தப்பியவர் வாயால் அவர் கேட்கப் போவதில்லை. 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட கதையை நம் உம்மாமாரிடம் அவர் கேட்கப் போவதில்லை. அன்று முப்பது வயதில் இருந்தவருக்கு இன்று அறுபத்தைந்து தாண்டிவிட்டது. இந்தப் பேச்சுகளைப் பேரப்பிள்ளைகள் போனில் எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். எடுத்தது நிறைய, வெட்டி ஒட்டி முடித்து ஊருக்குக் காட்டியது மிகக் குறைவு. கேட்டால், "லெப்டொப் காணாது, பிரீமியர் இல்லை" என்கிறார்கள்.

பிரீமியர் புரோ மாதச் சந்தாவுக்கு ஓடுகிற மென்பொருள். மாதம் 20 டொலருக்கு மேல். கடலுக்குப் போகிற வீட்டில் அந்தக் காசு எங்கே? ஆகவே களவுக் கொப்பி. அதோடு வைரஸும் வரும். ஒரு நாள் வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விடும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம் என்பதும் இருக்கிறது. சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஹலால் முத்திரை தேடுகிற ஊரில், பிள்ளையின் கணினியில் களவுப் பொருளை ஏற்றுவது மட்டும் கெட்டித்தனமா?

சும்மா கிடைப்பதில் எது நல்லது என்று கேட்காதீர்கள். யாருடைய கைக்கு, எந்த மெஷினுக்கு என்று கேளுங்கள்.

இப்போதுதான் தொடங்குகிற பிள்ளைக்குப் போனே போதும். கேப்கட்டில் வெட்டவும், எழுத்துப் போடவும், சத்தம் சரிசெய்யவும் ஒரு பின்னேரத்தில் பழகலாம். ஆனால் அதையே முழுதாக நம்பி இருக்காதீர்கள். அது ஒரு கம்பனியின் பொருள்; பல வசதிகளுக்கு இப்போது காசு கேட்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டொக் நிறுத்தப்பட்டபோது கேப்கட்டும் கூடவே நின்றது. எடுத்த மூல வீடியோவை வேறோர் இடத்தில் கட்டாயம் கொப்பி பண்ணி வையுங்கள்.

பழைய லெப்டொப் இருக்கிறதா? ஓப்பன்ஷொட் பழக மிக இலகு. வேலை நீண்டால் திணறும். அப்போது ஷொட்கட்டுக்கு மாறுங்கள். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். வோட்டர்மார்க் இல்லை, சந்தா இல்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும். சிக்னல் வந்து வந்து போகும் தீவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டு கெமரா, தனி மைக், பின்னணி இசை என்று வேலை பெருத்தால் கேடென்லைவ். அதில் 'புரொக்ஸி' என்று ஒன்று உண்டு. பெரிய வீடியோவுக்குப் பதிலாகச் சிறிய நகலை வைத்து வெட்டலாம். கடைசியில் மூல வீடியோவின் தரத்திலேயே வெளியே எடுக்கலாம். பலவீனமான மெஷினுக்கு இதுதான் கைகொடுக்கும்.

டாவின்சி ரிசோல்வ் கடைசிப் படி. நிறம் திருத்துவதில் சினிமாக்காரரே அதைத்தான் பாவிக்கிறார்கள். 295 டொலர் பதிப்பு தனியாக உண்டு. இலவசப் பதிப்பே நமக்கு மிச்சம். ஆனால் 16 ஜிபி ரெம், நல்ல கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். 4 ஜிபி லெப்டொப்பில் அதை ஏற்றிவிட்டு "எனக்கு எடிட்டிங் சரிவராது" என்று மனம் உடைந்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளையில் பிழையில்லை. அளவில்லாத சட்டையைக் கொடுத்தவர்களில்தான் பிழை.

எதை எடுத்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தலைப்பில் "கொழும்பு", "நெடுந்தீவு" என்று தமிழில் அடித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவை மாற்றுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் வேறு மென்பொருளுக்குப் போங்கள். நம் பெரியவர்களின் பெயரை உடைத்து எழுதுகிற மென்பொருள் எவ்வளவு விலையானாலும் நமக்கு உதவாது.

"சும்மா கிடைப்பது தரமில்லை" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் எடுத்த லத்வியா நாட்டுப் படம் 'ப்ளோ', பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்யப்பட்டது. பெரிய ஸ்டூடியோக்களின் படங்களோடு போட்டியிட்டு வென்றது.

வேலை தேடிக் கொழும்புக்குப் போகிற பிள்ளை பிரீமியர் பழகத்தான் வேண்டும் என்பார்கள். பழகட்டும், நாம் மறுக்கவில்லை. எங்கே வெட்டுவது, எங்கே பேச்சை முழுதாக விடுவது என்பதை ஷொட்கட்டில் கற்ற பிள்ளை பிரீமியரின் பொத்தான்களைச் சில கிழமைகளில் பிடித்துக்கொள்ளும். பொத்தான்களை மட்டும் கற்ற பிள்ளைக்கு எந்த மென்பொருளும் கைகொடுக்காது.

பெற்றோரே, களவுக் கொப்பிக்குக் காசு கொடுக்காதீர்கள். அண்ணன்மாரே, பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். பிள்ளைகளே, இந்த வெள்ளிக்கிழமைக்கு முன் போனில் கிடக்கும் ஒரு பேச்சை எடுத்து, ஐந்து நிமிடமாக வெட்டி முடியுங்கள். பேசியவரிடமே முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் ஊருக்குப் பகிருங்கள். அவர் இருக்கும்போதே செய்யுங்கள்.