56 தப்பு செஞ்சாலும் பாஸ், ஆனா கோர்ட்டில்?

நிமிஷத்துக்கு 60 வார்த்தை டைப் அடிச்சா நம்ம லேபில் நீங்கதான் ஹீரோ. அமெரிக்காவில் கோர்ட் ரிப்போர்ட்டர் ஆக நினைக்கிறவருக்கு அது எந்த மூலைக்கு? அங்கே ஆர்.பி.ஆர். என்ற சான்றிதழுக்கான ஸ்பீடு தேர்வில் மூன்று பகுதிகள்: 180, 200, 225 வார்த்தை வேகம். ஒவ்வொன்றும் 5 நிமிடம். கடைசிப் பகுதி சாட்சி விசாரணை, அதாவது கேள்வி-பதில். ஒவ்வொரு பகுதியிலும் 95% சரியா இருக்கணும்.

இது எப்படி சாத்தியம்? ஸ்டெனோ மெஷினில் எழுத்தெழுத்தா அடிக்கிறதில்லை. பியானோவில் கார்டு வாசிக்கிற மாதிரி பல கீகளை ஒரே நேரத்தில் அழுத்துறாங்க. அசையின் முதல் மெய்யொலி இடது கையில், உயிரொலி கட்டைவிரல்களில், கடைசி மெய்யொலி வலது கையில். 'கோர்ட்' என்பது ஒரே அழுத்து. அடிக்கடி வரும் தொடர்களுக்குத் தனிச் சுருக்கங்களும் உண்டு.

இப்போ ஒரு சின்ன கணக்கு போடுங்க. 225 வார்த்தை, 5 நிமிடம்: மொத்தம் 1125. அதில் 5% என்றால் 56 தப்பு வரைக்கும் பாஸ். அந்த 56-ல் ஒன்று, "நான் அவரைப் பார்க்கவில்லை" என்று சாட்சி சொன்னதில் இருந்த அந்த 'இல்லை'யா இருந்தா? மார்க் ஷீட்டில் அது ஒரு தப்பு. அப்பீலுக்குப் போகிறவருக்கு அந்த டிரான்ஸ்கிரிப்ட்தான் வாழ்க்கை.

அதனாலதான் சொல்றேன்: "முதல்ல ஸ்பீடு வரட்டும், அக்யூரசி தானா வரும்" என்பது தப்பான அட்வைஸ். அதுக்காக எப்பவும் மெதுவாவே அடிங்கன்னும் சொல்லலை. பழகின வேகத்திலேயே இருந்தா விரல் அங்கேயே செட்டில் ஆயிடும். தற்போதைய வேகத்தைவிட 20 வார்த்தை கூட்டி, ஒரு நிமிஷம் மட்டும் துரத்திப் பாருங்க. அப்புறம் கீழே இறங்கி, சுத்தமா எழுதுங்க. இரண்டும் வேற வேற பயிற்சி; ஒன்றின் மார்க்கை இன்னொன்றுக்குப் போட்டுக்காதீங்க.

பெரும்பாலும் வேகத்தைத் தடுக்கிறது விரல் இல்லை, தயக்கம். ஒரு வார்த்தைக்கு எந்த அழுத்துன்னு அரை நொடி யோசிச்சா, அடுத்த இரண்டு வார்த்தை போச்சு. எழுதினதைத் திரும்பப் படிச்சு, எங்கே தயங்கினோம்னு குறிச்சு, அந்த வார்த்தைகளை மட்டும் தனியா அடிக்கணும். போர் அடிக்கும்தான். கோடு டீபக் பண்றவங்களுக்கு இது புதுசா என்ன?

"ஏஐ எழுதிடாதா?" என்று கேட்பீங்க. எழுதும். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினா, "ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க" என்று கோர்ட்டையே நிறுத்தி, கடைசியில் "இது சரியான பதிவு" என்று கையெழுத்துப் போட ஒரு பொறுப்பான ஆள் வேணும்.

ஆர்வம் வந்தா 'ப்ளோவர்' என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பாருங்க. பைத்தானில் எழுதினது. பல கீகளை ஒண்ணா அழுத்தினாலும் பதிவு பண்ற கேமிங் கீபோர்டு இருந்தா போதும். முதல் மாசம் மட்டும் வேகத்தை அளக்காதீங்க, தப்பை எண்ணுங்க.