ஒன்றை வாங்கினால் மற்றது கிடையாதா?



சென்ற மாதம் சல்லிக்குப் போயிருந்தேன். திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கம் இருக்கும் கடற்கரைக் கிராமம் அது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்த் தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள். பெருநாளைக்கு நம் வீட்டு வட்டிலப்பம் அங்கே போவதும், பொங்கலுக்கு அவர்கள் வீட்டுப் பொங்கல் இங்கே வருவதும் எங்கள் வழக்கம்.

அன்று அவள் முகம் சரியாக இல்லை. லண்டனில் இருக்கும் மகள் அனுப்பிய குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள். மருமகனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம். வலது கையும் காலும் சரியாக இயங்காது. அதற்காக அரசாங்கம் 'பிப்' என்னும் மாற்றுத்திறனாளி கொடுப்பனவைக் கொடுக்கிறது. மகள் ஒரு பாடசாலையில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் துப்புரவு வேலை செய்கிறாள்.

"அம்மா, ஹீட்டர் போட்டால் பில் தாங்காது. பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் போடுறம். மற்ற நேரம் அவருக்குக் கம்பளியைச் சுத்தி விடுறன். சூடாக்குற செலவுக்கு உதவி கேட்கலாம்தான். ஆனால் பிப் எடுக்கிற ஆக்கள் வேற காசு கேட்டால் பிப்பையும் நிப்பாட்டிப் போடுவாங்களாம். இங்க தெரிஞ்ச ஆக்கள் சொன்னவை."

மின்விசிறிக்குக் கீழே வியர்வையைத் துடைத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நமக்குக் குளிர் என்றால் மார்கழி வாடைக்காற்றுதான். அதற்கு ஒரு போர்வை போதும். அந்த நாட்டுக் குளிர் அப்படியல்ல. வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் சூடு இருக்க வேண்டும் என்று அங்குள்ள சுகாதாரத் துறை சொல்கிறது. உடம்பு அசைக்க முடியாதவருக்கு அது மருந்தைப் போலவே முக்கியம்.

நம் வாசகிகளிலும் பலருக்குப் பிள்ளைகளும் உடன்பிறப்புகளும் அங்கே இருக்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் அந்தப் பயத்துக்குப் பதில். பிப் வாங்குவதால் சூடாக்கும் உதவி மறுக்கப்படுவதில்லை. உதவி கேட்டதற்காகப் பிப் நிறுத்தப்படுவதும் இல்லை. பிப் என்பது வருமானம் பார்த்துக் கொடுப்பதல்ல. அதற்கு வரியும் இல்லை. 'யுனிவர்சல் கிரெடிட்' போன்ற குறைந்த வருமானக் கொடுப்பனவுகளைக் கணக்கிடும்போது பிப்பை வருமானமாகச் சேர்ப்பதுமில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பிப் மட்டும் கையில் இருந்தால் சூடாக்கும் உதவி தானாக வந்துவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

'வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்' என்பது குளிர்காலத்தில் ஒரு தடவை மின்சாரப் பட்டியலில் 150 பவுண் கழிக்கும் திட்டம். காசாகக் கையில் தருவதில்லை. முன்கட்டணம் செலுத்தும் மீற்றர் உள்ளவர்களும் இதைப் பெறலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 இல் இதன் விதியை மாற்றினார்கள். அதன் பிறகு பிப்பை மட்டும் காட்டி இதைப் பெற முடியாது. யுனிவர்சல் கிரெடிட், 'பென்ஷன் கிரெடிட்' போன்ற வருமானம் பார்த்துத் தரும் கொடுப்பனவு ஒன்றும் இருக்க வேண்டும். வீட்டைச் சூடாக்க அதிகம் செலவாகும் என்று காட்டும் நிபந்தனையும் அப்போது வந்தது. 2025 குளிர்காலத்தில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். முன்பு மறுக்கப்பட்டவர்கள் மீண்டும் பார்க்க வேண்டும்.

மின்சாரப் பட்டியல் யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். கொடுப்பனவு பெறுபவர் பெயரில் அல்லது அவருடைய துணையின் பெயரில் இருக்க வேண்டும். தோழியின் மகளிடம் கேட்டபோது, வீட்டை முதலில் எடுத்துக் கொடுத்த உறவினர் பெயரிலேயே பட்டியல் வருகிறது என்றாள். இப்படி எத்தனை வீடுகளோ!

இரண்டாவது, 'கோல்ட் வெதர் பேமண்ட்'. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை பூச்சியம் பாகை அல்லது அதற்குக் கீழே இருந்தால், அந்த ஏழு நாளுக்கு 25 பவுண். பென்ஷன் கிரெடிட் பெறுவோருக்கு இது தானாக வரும். யுனிவர்சல் கிரெடிட் பெறுவோர் என்றால், உடல்நிலையால் வேலை செய்ய இயலாதென்று தீர்மானிக்கப்பட்டவரோ ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ வீட்டில் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலையில் இல்லாமலும் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான தொகை யுனிவர்சல் கிரெடிட்டில் சேர்ந்திருந்தால், வேலை செய்தாலும் கிடைக்கும். ஸ்கொட்லாந்தில் ஏற்பாடு வேறு. கடுமையான இயலாமை உள்ள பிள்ளைகளுக்காக அங்கே 2020 இல் 200 பவுணோடு ஒரு தனிக் கொடுப்பனவைத் தொடங்கினார்கள். அதற்குப் பிள்ளையின் மாற்றுத்திறனாளி கொடுப்பனவே தகுதி.

மூன்றாவது, முதியோருக்கான 'வின்டர் ஃபியூவல் பேமண்ட்'. இதற்கு வயதுதான் கணக்கு, இயலாமை அல்ல. 2024 இல் இதைப் பென்ஷன் கிரெடிட் போன்றவை பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2025 இல் மறுபடியும் விரித்தார்கள். ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேலிருந்தால் வரியாகத் திருப்பி எடுப்பார்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிப் பெறுபவர் வீட்டில் வருமானம் குறைவென்றால் யுனிவர்சல் கிரெடிட்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் அது கிடையாது. பிப்பில் அன்றாடப் பராமரிப்புப் பகுதியைப் பெறும் ஒருவரை வாரம் 35 மணித்தியாலமாவது மனைவி கவனித்து வந்தால், பராமரிப்பாளர் தொகையையும் யுனிவர்சல் கிரெடிட்டில் சேர்க்கக் கேட்கலாம். கணவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடத்திச் செல்வது பெண்ணின் கடமைதானே என்று நினைத்துப் பலர் இதைக் கேட்பதேயில்லை. முன்பு சிறிய வித்தியாசத்தில் பென்ஷன் கிரெடிட் மறுக்கப்பட்ட முதியவருக்கு, மாற்றுத்திறனாளி கொடுப்பனவு கிடைத்த பின் அதுவும் கிடைக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. விசாவில் அரச நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருப்பவர்கள், சட்ட ஆலோசனை பெறாமல் எதற்கும் விண்ணப்பிக்கக் கூடாது. 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்னும் அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்கிறது. எழுதிக் கொடுக்கும் விபரங்கள் உண்மையாக இருக்கட்டும். வருமானம் மாறினால் உடனே அறிவியுங்கள். இதுவும் ஓர் அமானிதமே.

இதையெல்லாம் படித்துவிட்டு, "இது லண்டன் கதைதானே" என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். அன்றைக்கே சல்லியில் தோழியின் அயல்வீட்டுப் பெண்ணையும் கண்டேன். மகனுக்கு மாற்றுத்திறனாளி கொடுப்பனவு வருவதால் அஸ்வெசும படிவத்தை நிரப்பவே இல்லை என்றாள். அவளும் யாரோ சொன்னதைத்தான் கேட்டிருக்கிறாள். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும, குடும்பத்தின் நிலையைப் பார்த்துத் தருவது. மாற்றுத்திறனாளி கொடுப்பனவு அந்த ஆளுக்கு உரியது. 2025 இல் அதை மாதம் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தினார்கள். இரண்டும் வெவ்வேறு. பிரதேச செயலகத்தில் நேரே போய்க் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

தோழியின் மகள் இப்போது மின்சாரப் பட்டியலைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டாள். யுனிவர்சல் கிரெடிட்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். அவள் வேலைக்குப் போவதால் அந்த 25 பவுண் கிடைக்காமல் போகலாம். 150 பவுணுக்கு வழி இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் மருமகன் இருக்கும் அறையில் ஹீட்டரைப் போட்டு வைக்கிறாளாம். "கேட்டால் உள்ளதும் போயிடும் எண்ட பயம் போயிட்டுது அம்மா" என்று சொன்னாளாம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படிக் கேட்கப் பயந்து இருப்பவர் யாரென்று இந்த மாதம் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். அவரோடு அலுவலகம் வரைக்கும் போய் வாருங்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் இலேசாக்கி வைப்பானாக. வஸ்ஸலாம்.