செவ்வாயும் சிலிக்கானும்

“கம்ப்யூட்டரே சொல்லிப்போடுச்சுங்க வாத்தியாரே! இனி நான் என்னங்க பண்ணட்டும்?”

கொமரலிங்கத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில், சென்ற வாரம் என்னிடம் இப்படிக் கேட்டார் ஒரு தந்தை. நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர் அவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் பெற்றவள். அதையே கல்லூரியில் படிக்க விரும்புகிறாள். குறுக்கே நிற்பது வறுமையன்று. வண்ணத்தாளில் அச்சிட்ட கணிப்பொறிச் சாதகம்! செவ்வாய் தோஷமாம்! பத்தொன்பது வயதுக்குள் மணம் முடிக்காவிட்டால் பிறகு மணமே இல்லையாம்!

பனையோலையில் எழுதியிருந்தால் அவருக்குப் பாதி ஐயமாவது பிறந்திருக்கும். அச்சுப்பொறி துப்பியதால் அது அசைக்கவொண்ணா உண்மையாகிவிட்டது.

தோழர்களே! நான் வரலாறு படித்தவன். இயற்பியல் ஆசிரியன் அல்லன். ஆயினும் கேட்கிறேன்: அந்தப் பெட்டிக்குள் குடியிருப்பது எந்தக் கோள்? எந்தத் தேவதை?

1897இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன், காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்க்குள் எதிர்முனையிலிருந்து பாய்ந்த கதிரை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்துக் காட்டினார். எந்த வாயுவாயினும், எந்த உலோகமாயினும், வெளிப்பட்டது ஒரே துகள்! ஹைட்ரஜன் அணுவைவிட ஏறத்தாழ 1,836 மடங்கு எடை குறைந்தது என இன்று நாம் அறிந்துள்ள எலக்ட்ரான். அந்தக் குழாயின் வழித்தோன்றல்தான் பின்னாளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முகமாயிற்று. நம் நாடு என்ன செய்தது? 1987இல் தூர்தர்ஷனில் இராமாயணத் தொடர் வந்தபோது, வடபுலத்தில் பெட்டிக்கு மாலை சூட்டினார்கள், ஊதுவத்தி கொளுத்தினார்கள். எதிர்முனைக் கதிருக்குத் தீபாராதனை! தெற்கே இருந்த நாம் சிரித்தோம். சிரிக்கும் தகுதி நமக்கு இருந்ததா? ஆயுத பூசையன்று கணிப்பொறிக்குத் திருநீறு பூசும் கை யாருடைய கை?

அடுத்து வந்தது குறைகடத்தி. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டைனும் செர்மானியத் துண்டொன்றைக் கொண்டு மின்குறியைப் பெருக்கிக் காட்டினர், டிரான்சிஸ்டர் பிறந்தது. இன்று விரல் நகத்தளவுச் சிலிக்கான் சில்லில் அது கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. இதில் என்னை உறங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. தூய்மையாக்கிய சிலிக்கான் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். பல இலட்சம் அணுக்களுக்கு ஒன்றாகப் பாஸ்பரசைக் கலந்தால், உலவுவதற்கு ஓர் எலக்ட்ரான் மிகுகிறது. போரானைக் கலந்தால் ஓர் இடம் வெறுமையாகிறது; அந்த வெற்றிடமே நேர்மின்போல் நகர்கிறது. இவ்விரண்டும் கைகோத்த எல்லையில் மின்சாரம் ஒரு திசையில் பாய்கிறது, மறுதிசையில் நிற்கிறது. கணிப்பொறியின் ஆற்றல் முழுவதும் இந்தக் கலப்பில் பிறந்தது.

கலப்பு! அந்தச் சொல்லைக் கேட்டாலே அரிவாளைத் தேடுவோர் உள்ள வட்டாரம் எங்களுடையது. 2016 மார்ச் 13இல், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, சாதி கடந்து மணந்த மனைவியோடு நடந்து வந்தபோது பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பொறியியல் மாணவன் கொமரலிங்கத்துப் பிள்ளை. அந்தக் கொடுமையை இமைக்காமல் பதிவு செய்தது ஒரு கண்காணிப்புக் கேமரா. அதன் கண்ணும் கலப்புச் சிலிக்கான்தான். சாதகக் கட்டத்துக்கும் அந்த அரிவாளுக்கும் உறவில்லை என்பீரா? பத்துப் பொருத்தம் பார்க்க உட்காருமுன்பே சாதிப் பொருத்தம் பார்க்கப்பட்டுவிடுகிறதே!

செவ்வாய்க்கு வருவோம். தந்தையின் எதிரிலேயே கணக்குப் போட்டேன். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது அவர்கள் விதி. பன்னிரண்டில் ஐந்து! அப்படியானால் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சபிக்கப்பட்டவர்கள். இந்த அபத்தம் அவர்களுக்கும் தெரியும். ஆகவே விதிக்கு விலக்கு, விலக்கிலும் அகப்படாதோருக்குப் பரிகாரம், பரிகாரத்துக்குத் தட்சணை! கணிப்பொறி செய்ததென்ன? கோள் நின்ற இடத்தைக் கணக்கிட்டது. அது வானியல். அதன்கீழ் ‘பலன்’ என்ற வரியை எழுதி வைத்தவன் மென்பொருள் விற்கும் மனிதன். செக்கில் எள்ளைப் போட்டால் எண்ணெய் வரும், மண்ணைப் போட்டால்?

2013 நவம்பர் 5இல் ஏவப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயை அடைந்தது. அத்திட்டத்தை வழிநடத்தியோருள் ஒருவரான மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக் கிராமத்துப் பிள்ளை. கதிரொளியை மின்சாரமாக்கும் குறைகடத்தித் தகடுகளின் துணையால், 2022 வரை ஏழரை ஆண்டுகள் அக்கலம் செவ்வாயைச் சுற்றியது. ஏழரை! நம்மவர் நடுங்கும் அதே ஏழரை! ஏவுகலத்தின் சிற்றுருவைத் திருப்பதிக்குச் சுமந்து சென்ற அறிவியலாரும் அங்கு உண்டு, மறைக்கமாட்டேன், வெட்கப்படுகிறேன்.

“உங்க சயின்ஸும் தப்புச் சொல்லுமுங்களே?” என்றார் தந்தை.

சொல்லும். 1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ், பாதரசத்தைச் சுழிக்குக் கீழே 269 பாகை அளவுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை அறவே மறைந்தது. அதுவே மீக்கடத்தி. மருத்துவமனையில் உடலைப் படமெடுக்கும் பெரிய காந்தக் கருவிகளில் பெரும்பாலானவை இதன் துணையால் இயங்குகின்றன. 2023 சூலையில் கொரிய ஆய்வாளர் சிலர், குளிர்விக்காமலே மீக்கடத்தியாகும் பொருளைக் கண்டதாக அறிவித்தனர். எல்.கே.-99 என்று பெயரும் சூட்டினர். உலகம் ஆர்ப்பரித்தது. ஆனால் வணங்கவில்லை, செய்து பார்த்தது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருட்டிணன் முதல் இயக்குநராக இருந்த புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் அப்பொருளைச் செய்து சோதித்தார்கள். மீக்கடத்தல் இல்லை என்றார்கள். பிற நாட்டு ஆய்வகங்களும் அவ்வாறே சொல்ல, சில வாரங்களில் ஆரவாரம் அடங்கியது. ‘மனம் புண்பட்டது’ என்று எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. பொய்த்துப்போன பலனைத் திரும்பப் பெற்ற பஞ்சாங்கம் ஒன்றைக் காட்டுங்கள் என்றேன்.

அவர் காட்டவில்லை. சாதகத்தை மடித்து உறையில் இட்டார், கிழிக்கவில்லை. தேநீரோடு வந்த மகளை நிறுத்தி, “அந்த டிரான்சிஸ்டர்னு சொல்றாரே, அது என்ன கண்ணு?” என்றார்.

“உங்க மில்லுல நூல் தடிப்பைப் பார்த்து வெட்டுற கருவி இருக்குதுங்களே அப்பா, அதுக்குள்ள இருக்குறதுதானுங்க” என்று தொடங்கினாள். கால்மணி நேரம் பேசினாள். அந்தக் கருவியைக் கழற்றி மாட்டுகிறவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாளை மாலை மீண்டும் அந்தத் திண்ணைக்குப் போகிறேன்.