விளம்பரத்துக்குத் தமிழ் தெரியும், ரீஃபண்டுக்குத் தெரியாது

2021 அக்டோபர் 18. சென்னையில ஒருத்தர் சொமேட்டோவுல சாப்பாடு ஆர்டர் பண்றார். வந்த பார்சல்ல ஒரு ஐட்டம் குறையுது. ஆப்புல கஸ்டமர் கேர் சாட்டைத் திறந்து பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். ஹோட்டல்காரங்ககிட்ட பேசினோம், மொழிப் பிரச்சினையால சரியாப் பேச முடியலைன்னு பதில் வருது. "தமிழ்நாட்டுல தொழில் பண்றீங்கன்னா தமிழ் தெரிஞ்சவங்களை வேலைக்கு வைங்க" என்கிற மாதிரி அவர் சொல்றார். அதுக்கு வந்த பதில்: இந்தி நம்ம தேசிய மொழி, எல்லாருக்கும் அது கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும்.

அடுத்து நடந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட் ட்விட்டருக்குப் போச்சு. சொமேட்டோவைப் புறக்கணிக்கணும்னு ஹேஷ்டேக் டிரெண்ட் ஆச்சு. எந்த கம்பெனியா இருந்தாலும் வாடிக்கையாளரோட மொழியிலதான் சேவை கொடுக்கணும்னு கனிமொழி எம்.பி. பதிவு போட்டார். அரியர் எக்ஸாமுக்குப் படிக்காதவன்கூட அன்னிக்கு அரசியலமைப்புச் சட்டத்தோட 343-வது பிரிவைத் தேடிப் படிச்சான். அதுல இந்தி ஒன்றியத்தின் அலுவல் மொழி, அவ்வளவுதான். 'தேசிய மொழி'ன்னு எந்த மொழியையும் சட்டம் சொல்லலை. எட்டாவது அட்டவணையில 22 மொழிகள் இருக்கு, தமிழும் அதுல ஒண்ணு.

சரி, இது பழைய கதைதானேன்னு கேட்கலாம். டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட்டை லிங்க்ட்இன்ல போட்டிருக்கிற நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதைத் திரும்ப எடுக்கிறேன். இந்தச் சம்பவத்தைப் பேசுற எல்லாரும் அந்த ஒரு சாட் மெசேஜைத்தான் தப்புன்னு சொல்றாங்க. என் கருத்து வேற. அந்த மெசேஜ் வெறும் புகைதான். நெருப்பு அதுக்கு முன்னாடியே கம்பெனிக்குள்ள இருந்தது. மறுநாள் கம்பெனியே அதுல எண்ணெயும் ஊத்துச்சு.

முதல்ல நெருப்பைப் பார்ப்போம். அக்டோபர் 19-ஆம் தேதி சொமேட்டோ தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் ஒரு மன்னிப்பு அறிக்கை விட்டது. தமிழ்நாட்டுல விளம்பரங்களை ஏற்கெனவே தமிழ்ல கொடுக்கிறோம், அனிருத்தை இந்த மாநிலத்துக்கான பிராண்ட் அம்பாசிடரா வச்சிருக்கோம்னு அதுல பெருமையாச் சொன்னாங்க. தமிழ் ஆப் தயாராகிட்டு இருக்கு, கோயம்புத்தூர்ல தமிழ் சப்போர்ட் சென்டர் வரப்போகுதுன்னும் சொன்னாங்க. இதை வரிசை மாத்திப் படிங்க. விளம்பரம் தமிழ்ல வந்தாச்சு. புகாரைக் கேட்கிற இடத்துக்குத் தமிழ் இனிமேல்தான் வரணும். அதாவது நம்ம பாக்கெட்டுல இருந்து காசை எடுக்கத் தமிழ் தேவைப்பட்டது. எடுத்த காசைத் திருப்பிக் கொடுக்க அது தேவைன்னு தோணலை.

நம்ம சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுல இருந்து ஓணம் சீசன்ல கேரளாவுக்குப் பூ போகுது. அங்க இருக்கிற ஒரு வியாபாரிகிட்ட போய், "அண்ணாச்சி, மலையாளத்துக்காரங்க கொஞ்சமாவது தமிழ் கத்துக்கிட்டு வந்து பூ வாங்கணும்"னு சொல்லிப் பாருங்க. "போல, வேலையைப் பாரு"ம்பார். வாங்குறவன் மொழியை விக்கிறவன்தான் பேசணும்கிறது அவருக்கு எந்த மார்க்கெட்டிங் புத்தகமும் சொல்லிக் கொடுத்த பாடம் இல்லை. பங்குச் சந்தையில 2021 ஜூலையில பட்டியலான ஒரு பெரிய கம்பெனிக்கு இது விட்டுப்போனது எப்படி? பிராண்டுன்னா லோகோ, பாட்டு, பேனர், மீம் பேஜ்னு நினைச்சதால. வாடிக்கையாளருக்குப் பிராண்டு அது இல்லை. பசியோட உட்கார்ந்திருக்கும்போது சாட்டுல யார் பதில் சொல்றாங்களோ அவங்கதான் பிராண்டு.

அடுத்து, எண்ணெய். அதே அறிக்கையில அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கிட்டோம்னு சொன்னாங்க. சில மணி நேரத்துல நிறுவனர் தீபிந்தர் கோயல் ட்வீட் போட்டார். ஒரு சப்போர்ட் சென்டர்ல யாரோ அறியாம செஞ்ச தப்பு தேசியப் பிரச்சினை ஆயிடுச்சு, நம்ம நாட்டுல சகிப்புத்தன்மை இன்னும் நிறைய வேணும்னு சொன்னார். கூடவே, அந்த ஊழியரை மறுபடியும் சேர்த்துக்கிறோம், இதுக்காக மட்டும் அவரை நீக்கியிருக்கக் கூடாது, கால் சென்டர்ல இருக்கிறவங்க இப்பதான் வேலை கத்துக்கிற இளைஞர்கள், மொழி விஷயத்துல நிபுணர்கள் இல்லைன்னும் சொன்னார்.

இங்க கவனிங்க. வேலையைத் திருப்பிக் கொடுத்தது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன். ஆனா ஒரே நாள்ல ஒரே கம்பெனி ரெண்டு குரல்ல பேசியது. காலையில "மன்னிச்சிடுங்க, தப்பு எங்களோடது", அப்புறம் "நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கப் பழகணும்". மன்னிப்பு கேட்ட வாயாலேயே அட்வைஸ் பண்ணா, முதல்ல கேட்ட மன்னிப்பு மனசுல இருந்து வரலைன்னுதான் யாரும் நினைப்பாங்க. அதுவும் யார்கிட்ட? 1938-லயும் 1965-லயும் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுல இறங்கின மாநிலத்துக்கிட்ட. இந்த ரெண்டு வருஷத்தையும் கம்பெனியில யாராவது ஒருத்தர் படிச்சிருந்தா, 'சகிப்புத்தன்மை'ங்கிற வார்த்தை இங்க எப்படி விழும்னு தெரிஞ்சிருக்கும். எந்த ஊர்ல விக்கிறோமோ அந்த ஊரோட வரலாற்றைப் படிக்கிறதும் மார்க்கெட் ரிசர்ச்தான்.

"ஒரு சாப்பாட்டுப் பிரச்சினைக்கு இவ்வளவு கூத்தா? நாமளும் ஓவராத்தான் பண்ணோம்"னு ஒரு கட்சி அப்பவும் இருந்தது, இப்பவும் இருக்கு. அதுல பாதி நியாயம் இருக்குன்னு ஒத்துக்கிறேன். கோபம் கம்பெனி மேல வந்தது நியாயம். ஆனா அந்தக் கோபத்தோட முதல் பில்லைக் கட்டினது யார்? எந்த ஊர்லயோ உட்கார்ந்து, ஒரே நேரத்துல பல பேருக்கு டைப் பண்ணிக்கிட்டு இருந்த ஒரு ஊழியர். அவங்க சொன்னது தப்புதான். ஆனா தமிழ்நாட்டு ஆர்டருக்குத் தமிழ் தெரியாத ஆளைப் போட்டது அவங்க முடிவு இல்லை. மொழியைப் பத்தி வாடிக்கையாளர் கேட்டா என்ன சொல்லணும்னு பயிற்சி கொடுக்காததும் அவங்க இல்லை.

இன்னும் ஒண்ணு யோசிங்க. நாம அடுத்த வருஷம் எங்க இருப்போம்? கோர் கம்பெனி கனவு எல்லாருக்கும் இருக்கு. ஆனா நம்ம சீனியர்ல எத்தனை பேரோட முதல் வேலை வாய்ஸ் ப்ராசஸ், சாட் ப்ராசஸ்! நாளைக்கு அந்த நாற்காலியில உட்காரப் போறது நாமதான். ஒரு போஜ்புரிக்காரரோ வங்காளியோ புகாரோட வரும்போது, ராத்திரி ஷிப்டுல, டார்கெட் பிரஷர்ல, நம்ம விரல் ஏதாவது ஒரு முட்டாள்தனமான வரியை டைப் பண்ணிடலாம். அன்னிக்கு நம்ம பேரை வச்சுக் கம்பெனி தப்பிக்கக் கூடாதுன்னா, இன்னிக்கு இன்னொருத்தருக்கு அது நடக்கும்போது நாம கைதட்டக் கூடாது.

தப்பை எப்படிச் சுமக்கணும்கிறதுக்கு வெளியில ஒரு உதாரணம் இருக்கு. 2018 பிப்ரவரியில பிரிட்டன்ல கேஎஃப்சி டெலிவரி கான்ட்ராக்டை டிஎச்எல் கம்பெனிக்கு மாத்தினாங்க. சப்ளை குளறுபடியாகி, சுமார் 900 கடைகள்ல பாதிக்கு மேல மூட வேண்டியதாச்சு. சிக்கன் கடையில சிக்கன் இல்லை! அவங்க பத்திரிகையில முழுப்பக்க விளம்பரம் கொடுத்தாங்க. காலியான பக்கெட் படம், அதுல தங்களோட பேர்ல இருக்கிற மூணு எழுத்தையே இடம் மாத்திப் போட்டுத் தங்களைத் தாங்களே திட்டிக்கிட்டாங்க. கீழே வாடிக்கையாளர்கிட்ட மன்னிப்பு, கூடவே கஷ்டப்பட்டு வேலை செஞ்ச கடை ஊழியர்களுக்கு நன்றி. அந்த விளம்பரத்துல பழியை டிஎச்எல் தலையில கட்டவே இல்லை. அந்த மன்னிப்பை இன்னைக்கும் மார்க்கெட்டிங் வகுப்புகள்ல எடுத்துக்காட்டாச் சொல்றாங்க.

இப்ப நம்ம கைக்கு வருவோம். சிம்போசியத்துக்கு இன்ஸ்டா பேஜ் நடத்துறது நீங்கதான். வீட்டுல விசைத்தறி ஓடுதுன்னா, அப்பா நெய்ற சேலையை வாட்ஸ்அப் கேட்டலாக்ல போடுறதும் நீங்கதான். கம்பெனி சின்னதா பெருசாங்கிறது விஷயமே இல்லை, இந்த நாலும் அப்படியே பொருந்தும்.

ரீல்ஸ் எந்த மொழியிலயோ, புகாருக்குப் பதிலும் அதே மொழியில இருக்கட்டும். பெங்களூர்ல இருந்து கன்னடத்துல மெசேஜ் வந்தா, "தமிழ்ல கேளுங்க"ன்னு சொல்ற சொமேட்டோவா நாம மாறிடக் கூடாது.

பதில் சொல்ற ஆளுக்கு, "எனக்குத் தெரியலை, தெரிஞ்சவங்ககிட்ட மாத்திவிடுறேன்"னு சொல்ற உரிமையைக் கொடுங்க. அந்த ஒரு வரி அன்னிக்கு அந்தச் சாட்டுல வந்திருந்தா ஹேஷ்டேக்கே இல்லை.

தப்பு நடந்தா, வாலண்டியரா வந்த ஜூனியர் பேரைச் சொல்லித் தப்பிக்காதீங்க. உள்ளே கூப்பிட்டுப் பேசுங்க. வெளியில "நாங்க" மட்டும்தான் இருக்கணும்.

மன்னிப்பு ஒருத்தர்தான் கேட்கணும், ஒரு தடவைதான் கேட்கணும், என்ன மாறப்போகுதுன்னு அதுல இருக்கணும். கோயம்புத்தூர்ல தமிழ் சப்போர்ட் சென்டர்ங்கிறது அந்த அறிக்கையிலேயே உருப்படியான வரி. ஆனா அன்னிக்கு அதைப் பத்தி யார் பேசினோம்? வேலையை விட்டுத் தூக்கினதையும், திரும்பச் சேர்த்ததையும், சகிப்புத்தன்மை அட்வைஸையும்தான் பேசினோம். உருப்படியான வேலையைச் செய்ய நினைச்சவங்களே அதைத் தங்களோட சத்தத்துல மூழ்கடிச்சாங்க.

அடுத்த தடவை உங்க பேஜுக்கு "ஆர்டர்ல ஒண்ணு குறையுது"ன்னு மெசேஜ் வரும். போஸ்டர் டிசைனைக் கொஞ்ச நேரம் ஓரமா வச்சுட்டு, முதல்ல அதுக்குப் பதில் போடுங்க. அவங்க மொழியில.