வெள்ளப் படமும் எண்ணூர்க் கழிமுகமும்

வடசென்னைவாசிகளுக்கு வெள்ளம் புதிதன்று. 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் பெருகி வந்து, மணலி புதுநகரையும் சடையங்குப்பத்தையும் சூழ்ந்துகொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்த வெள்ளமோ, மணலிப் பிரதேசத்திலிருந்து எண்ணெயையும் சுமந்துகொண்டு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கிற்று. மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் கரிய எண்ணெய் அப்பிக் கிடந்த காட்சியை நாடு முழுவதும் கண்டது.

இத்தகைய அபாயம் எங்கே, எவ்வளவு ஆழத்தில் நேரும் என்பதைக் கணிப்பொறியின் துணைகொண்டு முன்கூட்டியே படமாக வரைய முடிகிறது. 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின்னர், மும்பை, சென்னை ஐ.ஐ.டி.களும் அண்ணா பல்கலைக்கழகமும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் கூடிச் சென்னைக்கென ஒரு வெள்ள எச்சரிக்கை முறையை வகுத்தன. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் மட்டத்தையும் குறித்துக்கொண்டு, பெய்யும் மழை, ஆற்றின் பெருக்கு, கடலின் ஓதம், புயல் எழுப்பும் அலையேற்றம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவதே இதன் தத்துவம். கடல் பொங்கி நிற்கையில் ஆற்று நீர் வெளியேற வழியின்றிப் பின்வாங்கித் தேங்கும் எண்ணூருக்கு இது மிகவும் பொருந்தும். இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் கணிப்பொறிக்குக் கண் இல்லை. நாம் எழுதிக் கொடுப்பதையே அது நம்பும். அனல் மின்நிலையச் சாம்பல் படிந்து கொசஸ்தலையாற்றின் முகப்பும் கழிவெளியும் பல இடங்களில் மேடாகிவிட்டன. பழைய அளவுகளை வைத்துப் போடும் கணக்கு, இல்லாத ஆழத்தை இருப்பதாகவே காட்டும். 1996-இல் மத்திய சர்க்கார் அங்கீகரித்த கடற்கரைப் படத்தில் இருந்த கழிவெளி, பின்னர் அதிகாரிகள் வெளியிட்ட வேறொரு படத்தில் காணாமற் போயிற்று என்ற புகார் 2017-இல் எழுந்ததை ஜனங்கள் மறந்துவிடவில்லை. படத்தில் நீரை அழித்துவிட்டால் நிலத்தில் நீர் அழிந்துவிடுமா?

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறுவது இதுதான். ஒவ்வொரு பருவமழைக்கும் முன் ஆற்றின் அடியையும் கழிமுகத்தின் ஆழத்தையும் புதிதாக அளக்க வேண்டும். நீரின் ஆழத்தோடு, அது கடந்து வரும் எண்ணெய்க் கிடங்குகளையும் சாம்பல் குட்டைகளையும் படத்தில் குறிக்க வேண்டும். அப்படம் தமிழில், தெரு வாரியாக, பள்ளிகளிலும் ரேஷன் கடைகளிலும் ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எந்த ஆண்டு எவ்வளவு உயரம் நீர் நின்றது என்பதை எர்ணாவூரிலும் நெட்டுக்குப்பத்திலும் உள்ளவர்கள் தங்கள் வீட்டுச் சுவரைக் காட்டியே சொல்வார்கள். அவர்களுடைய சாட்சியத்தைக் கொண்டு கணக்கைச் சரிபார்ப்பது விஞ்ஞானத்துக்கு இழுக்கன்று.

எல்லாவற்றினும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வெள்ளத்தின் வழியென்று குறிக்கப்பட்ட இடத்தில் கட்டிடமோ ஆலையோ எழுப்ப எவருக்கும், சர்க்கார் ஸ்தாபனங்களுக்குமே, அனுமதி தரலாகாது. படத்தைக் காட்டி ஏழைகளின் குடிசைகளை அகற்றிவிட்டு, ஆலைகள் நிரப்பிய மேடுகளைத் தொடாமல் விடுவது நீதியாகாது. ஆற்றின் வழியை அடைத்தவர் எவராயினும் ஒரே சட்டம் செல்லுபடியாக வேண்டும். இன்றேல் எவ்வளவு நுட்பமான படமும் அலுவலகச் சுவரில் தொங்கும் அலங்காரமாகவே முடியும்.