டப்பா இறாலும் புளிச்சகீரையும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சமையல் நிபுணனும் இல்லை. பி.காம் முடித்து வங்கியில் சேர்ந்து, நாற்பதைத் தாண்டிய பிறகு கரண்டி பிடித்தவன். திட்டுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

சித்தூருக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். தங்கமணிக்குத் திருப்பதியில் ஒரு கல்லூரியில் வேலை. காலை ஆறரைக்கு பஸ் பிடித்தால், 70 கிலோமீட்டர் போய்த் திரும்பி வர ராத்திரி ஏழரை ஆகிவிடும். அதனால் வார நாட்களில் ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. அப்பா போன பிறகு அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார்கள்.

இந்த ஊரில் எல்லாம் கிடைக்கும். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். மாம்பழத்துக்குக் குறைவில்லை. வேலூர் ஒரு மணி நேரத்தில். ஒன்றே ஒன்றுதான் குறை, கடல் இல்லை. அம்மாவை முதல் ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். ஐஸ் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார்கள், செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள். அடுத்ததையும் வைத்துவிட்டார்கள். "இது மீனாய்யா? வா, வீட்டுக்குப் போவோம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் மார்க்கெட் பக்கமே வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்ப்பேட்டை, தடா, ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டன. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான். அதாவது ஏழுமலையான் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு! பக்கத்து நெல்லூர் இறால் பண்ணைகளுக்குப் பேர் போனது. 2009-ல் வனாமி இறால் வளர்க்க அனுமதி கிடைத்த பிறகு ஆந்திராதான் இந்தியாவின் இறால் தொட்டி. ஆனால் அதில் பெரும்பங்கு உறைய வைத்து வெளிநாட்டுக்குப் போகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோதுதான், "நம்ம ஜனங்களே சாப்பிட்டால் என்ன?" என்ற பேச்சு இங்கே பலமாக எழுந்தது. நம் ஊர்ச் சரக்கை அமெரிக்காக்காரன் உறைந்த பாக்கெட்டில் வாங்கி நிம்மதியாகச் சாப்பிடுகிறான். நாம் "ஃப்ரெஷ் இல்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

நிற்க. விஷயத்துக்கு வருகிறேன்.

நல்ல மீன் கிடைக்கவில்லை என்று சொல்லும் வெளியூர்த் தமிழ்க் குடும்பம் அதற்குப் பதில் என்ன சாப்பிடுகிறது? எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் பிராய்லர் கோழி, ஞாயிறு மட்டன். அம்மாவுக்கு இரண்டும் பிடிக்காது. தயிர் சாதம், ஊறுகாய், தயிர் சாதம், அப்பளம். ஒரு வருஷத்தில் ஏழு கிலோ குறைந்துவிட்டார்கள். படியேற மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்த டாக்டரம்மா, "வியாதி ஒண்ணும் இல்ல. சாப்பாட்டுல புரதமே இல்லியே சார்?" என்றார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன் (அது ஒன்றுதானே நமக்குத் தெரியும்). ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்னபடி, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அம்மா 48 கிலோ. சுமார் 40 கிராம். தயிர் சாதத்தையும் இரண்டு இட்லியையும் எப்படிக் கூட்டினாலும் பாதிகூட வரவில்லை. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாத கிளார்க் மாதிரி விழித்தேன்.

அந்த நேரத்தில்தான் துபாயிலிருந்து வந்த மச்சான் ஆறு டின் கொடுத்துவிட்டுப் போனார். நாலு இறால், இரண்டு மட்டி. தண்ணீர் வடித்த டின் இறால் 100 கிராமில் புரதம் 20 கிராம் அளவுக்கு இருக்கும், கொழுப்பு 2 கிராம்கூடக் கிடையாது. மட்டியில் இரும்புச்சத்தும் பி12-ம் உண்டு. எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. வீட்டில் மட்டும் ஒரே குரல்: "டப்பாவா? உடம்புக்கு ஆகாது, மருந்து போட்டிருப்பான்."

நம்மில் நிறையப் பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். டின்னில் இருப்பதைக் கெடாமல் வைத்திருப்பது மருந்து அல்ல, சூடுதான். அந்தச் சூடு எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தது நம்ம மட்டிதான் என்பது சுவாரசியமான கதை. 1895 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டனில் அண்டர்வுட் என்ற கம்பெனியின் மட்டி டின்கள் உப்பிக் கெட்டுப்போயின. கம்பெனிக் குடும்பத்து வில்லியம் அண்டர்வுட், எம்.ஐ.டி. கல்லூரியின் சாமுவேல் பிரெஸ்காட்டிடம் போனார். கொதிநீர்ச் சூட்டிலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள்தான் காரணம் என்று இருவரும் கண்டுபிடித்தார்கள். டின்னை அழுத்தக் கலனில் வைத்து, 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 நிமிஷம் வைத்தால் அவையும் சாகும். இன்றைக்கும் டின் தொழிலுக்கு அந்த 121-தான் அளவுகோல். நம்ம பிரஷர் குக்கரின் பெரியண்ணன், அவ்வளவுதான். சில டின்களில் நிறம் மாறாமலிருக்க ஏதாவது சேர்ப்பார்கள். அதை லேபிளில் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

கவனிக்க வேண்டியது உப்பு. லேபிளில் 100 கிராமுக்கு சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள். 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டின்னிலேயே கணிசமான பங்கு போய்விடும். அதனால் தண்ணீரை வடித்து, இரண்டு முறை கழுவி, ஐந்து நிமிஷம் பச்சைத் தண்ணீரில் போட்டு எடுப்பேன். குழம்புக்குத் தனியாக உப்புப் போடவே மாட்டேன், கடைசியில் ருசி பார்த்துத்தான்.

சரி, நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் ஒரு டின்னை உடைத்துப் புளிச்சகீரையில் போட்டேன். கோங்குரா ரொய்யலு என்று இந்த ஊர்க்காரர்கள் சப்புக்கொட்டும் ஐட்டம். புளிப்பில் டின் வாடை அடங்கிவிடும் என்பது என் கணக்கு. அம்மா ராகி சங்கடியோடு (நம்ம கேப்பைக்களிதான்) நன்றாகச் சாப்பிட்டார்கள். மறுபடியும் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் குப்பைக்கூடையில் டின்னைப் பார்த்துவிட்டார்கள்.

"டப்பாவுல கெடந்தத எங்கிட்ட சொல்லாமயா போட்ட?"

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. ஆனா என்ன திங்கிறோம்னு கூடத் தெரியாம திங்கிறதுக்கு நான் என்ன சின்னப்புள்ளையா?"

அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. தங்கமணியும் அம்மா கட்சிதான். யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே. வயதானவர்கள் தட்டில் நாம் நல்லதையே வைத்தாலும் ஏமாற்றி வைக்கக்கூடாது. தவிர, ஒவ்வாமை இருப்பவராக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ராத்திரி மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, "அம்மா, ஊர்ல காஞ்ச எறாவை டப்பால போட்டு ஆறு மாசம் வச்சிருப்பீங்களே, அது பழசு இல்லியா?" என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது நானே வெயில்ல காய வச்சது" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர்களே ஒரு டின் எடுத்து வரச் சொன்னார்கள். திறந்து, மோந்து பார்த்து, மூன்று தண்ணீரில் கழுவினார்கள். சுரைக்காயை வேக வைத்து, சின்ன வெங்காயம், சீரகம், தேங்காய் அரைத்து ஊற்றி, கடைசியில் இறாலைப் போட்டு மூடினார்கள். "ஏற்கெனவே வெந்தது, ரெண்டு நிமிசத்துக்கு மேல விட்டா ரப்பராயிரும்" என்று எனக்கே பாடம். ஊருக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் அவர்கள் அடுப்புப் பக்கம் வந்தது அன்றுதான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் டின் சமையல், அது அவர்கள் பொறுப்பு. எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. மார்க்கெட் மீனைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் மாறவில்லை.

எங்கள் வீட்டில் தேறிய மூன்று:

ஒன்று, மேலே சொன்ன சுரைக்காய் இறால். பீர்க்கங்காயிலும் வரும்.

இரண்டு, புளிச்சகீரை இறால். கீரையை வதக்கி மசித்து, பூண்டு, பச்சை மிளகாய் தாளித்து, இறால் கடைசியில்.

மூன்று, மட்டி முருங்கைக்கீரைப் பொரியல். கீரை முக்கால் வெந்ததும் மட்டியைப் பிழிந்து போட்டு, மிளகுத்தூள், தேங்காய்த் துருவல். எண்ணெய் இரண்டு ஸ்பூன் போதும். எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

எச்சரிக்கைகளும் உண்டு. உப்பிய டின், கசியும் டின், விளிம்பில் நசுங்கிய டின் எதுவானாலும் ருசிகூடப் பார்க்காமல் தூக்கி எறியுங்கள். திறந்ததை டின்னோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். இறால், மட்டி ஒவ்வாமை சமைத்தாலும் போகாது, டின்னில் அடைத்தாலும் போகாது. யூரிக் அமிலம், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

விலை? மலிவு என்று பொய் சொல்லமாட்டேன். டின்னில் போட்டிருக்கும் நிகர எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள், வடிகட்டிய எடைதான் உங்கள் எடை. ஆனால் மார்க்கெட் இறாலிலும் தலையும் தோலும் போனால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சித்தூர்க் கடைகளில் நான் பார்த்தது பெரும்பாலும் சூரை, மத்தி டின்கள்தான். இறாலும் மட்டியும் சென்னை போகும்போது வாங்கி வருகிறேன். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

ஃப்ரெஷ் மீனுக்கு டின் ஈடு என்று நான் சொல்லவரவில்லை. தூத்துக்குடிக்குப் போனால் நானும் டின்னைத் தொடமாட்டேன். ஆனால் நாம் இருப்பது அங்கே இல்லையே. ஊர் மீன் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களைத் தயிர் சாதத்தில் விட்டுவிடுகிறோம் பாருங்கள், அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அலமாரியில் நாலு டின் இருக்கட்டும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை அசைவம் கிடையாது, புரட்டாசி முழுக்கவும் கிடையாது. வாங்கி வந்த மீன் அதற்கெல்லாம் காத்திருக்காது, டின் காத்திருக்கும்.

உடைக்கும் முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது ரொம்ப முக்கியம் :-)